ஞாயிற்றுக்கிழமை வரிசைகள்

அன்பு வாயாடிக்கு,

நானும் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீ எப்படி இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் கையால் எழுதினால்தான் அம்மா நம்புவாள். உன் தம்பி மூன்றாம் தடவையாக லைசென்ஸ் டெஸ்டில் கோட்டைவிட்டுவிட்டு வண்டியைக் குறை சொல்கிறான்.

உனக்காகப் பின்னுகிற லேஸ் சால்வையின் கதையைக் கேள். முப்பது வருடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிய கை, இந்தக் கம்பளி நூல் எம்மாத்திரம் என்று வீறாப்பாகத்தான் இறங்கினேன். இரண்டு சாண் வந்ததும் விரித்துப் பார்த்தால் ஓட்டை இருக்கவேண்டிய இடத்திலும் ஓட்டை, இருக்கக்கூடாத இடத்தில் அதைவிடப் பெரிய ஓட்டை. அங்கங்கே கண்ணிகள் தொளதொளவென்று தொங்கின. அம்மா அதன் வழியாக என்னை எட்டிப் பார்த்து, இது சால்வையா சல்லடையான்னு கேட்டாள். நூல்கடை அம்மா, ஸ்டீல் ஊசி வழுக்கும், மூங்கில் ஊசிக்கு மாறுங்க என்றார். மாறினேன். நூலை விரலில் இரண்டு சுற்றுப் போட்டு இறுக்கிப் பிடித்தேன், விரல் நீலம் பாரித்ததுதான் மிச்சம். பட்டறைப் பழக்கத்தில் தினம் எத்தனை வரிசை என்று நோட்டில் தேதியோடு குறித்து வைப்பேன் அல்லவா, அம்மா அதை எடுத்து வைத்துக்கொண்டு தளர்ந்த வரிசைகளை எண்ணினாள். எல்லாமே ஞாயித்துக்கிழமை, ஊசி மேல பழி போடாதீங்க, போனை ஸ்பீக்கர்ல போட்டு உங்க மககூடச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறப்ப உங்க கை தன்னால தளந்துடுது என்று என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். முடித்த பிறகு நனைத்து, நாலு பக்கமும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால் பாதி சரியாகிவிடுமாம். அதனால் எதையும் பிரிக்கவில்லை.

நீ வேலையை விட்டுவிட்டதாகச் சொன்ன அன்று நான் கத்தினேனே, அதோடு நீ போன் பண்ணாமல் ஐந்து ஞாயிறு போய்விட்டது. அம்மாவுக்கு மட்டும் இரண்டு வரி அனுப்புகிறாய். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன், தப்பு என்னுடையதுதான் மகளே. இந்த ஐந்து வாரமும் பின்னியதில் ஒரு கண்ணிகூடத் தளரவில்லை, அத்தனையும் அளவெடுத்த மாதிரி இருக்கிறது. நூல்கடை அம்மா தடவிப் பார்த்து மெச்சினார். எனக்குத்தான் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ மனசு நிறைந்து, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் அதுதான். குளிருக்கு இப்போதைக்குக் கனமாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொள். சால்வையில் இன்னும் ஒரு முழம் பாக்கி. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊசியோடு போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அந்த முழம் முழுக்கத் தொளதொளவென்று வந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
கை இறுகிப்போன உன் அப்பா