மேனேஜர் கொடுத்த தோட்டம்

மார்ச் 4, செவ்வாய்

முதியோர் இல்லத்திலிருந்து இந்த மாத வீடியோக்கள் வந்துவிட்டன. வழக்கம்போல ஒரு பச்சைத் துணி, முன்னால் ஒரு நாற்காலி. ஒவ்வொருவராக உட்கார்ந்து பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசுகிறார்கள். நான் கம்ப்யூட்டரில் அந்தப் பச்சையை நீக்கி, பின்னால் மேனேஜர் கொடுத்த தோட்டக் காட்சியை வைத்து, அந்தந்தக் குடும்பத்துக்கு நானே அனுப்பிவிட வேண்டும்.

கண்ணாடி அம்மாதான் உயிரை எடுக்கிறார். பெயர் தெரியாததால் நான் வைத்த பெயர். துணி பக்கவாட்டிலும் வளைந்து வருவதால் அவர் மூக்குக்கண்ணாடியில் பச்சை அடிக்கிறது. அப்படியே நீக்கினால் கண்ணில் ஓட்டை விழுந்து உள்ளே ரோஜா பூக்கிறது! கையால்தான் மூடி மூடிச் சரிசெய்ய வேண்டும்.

மாமா குளியலறையில் மறுபடியும் வழுக்கிவிட்டார். அடி இல்லை. "ஓட்டின காலத்துல பஸ்ஸே சறுக்கினதில்ல, நான் சறுக்கறேன் பாரு" என்று சிரித்தார்.

மார்ச் 6, வியாழன்

நாத்தனார் வந்திருந்தாள். வந்ததும் போனை நீட்டினாள். "அண்ணி, இந்த இடத்தைப் பாருங்க. என் ஃப்ரெண்டோட மாமனார் இங்கதான் இருக்காராம். அப்பாவுக்கு ஏத்த இடம். தோட்டம் எவ்ளோ அழகு!"

பார்த்தேன். போன மாதம் நான் முடித்து அனுப்பிய வீடியோ.

"அந்தத் தோட்டத்தை ஒட்டினதே நான்தான்" என்றேன்.

இவர் சிரித்தார். "துணி வெச்சு எடுத்தா என்ன? தோட்டம் அங்கேயே இருக்கப் போகுது. அவங்க கொடுத்த படம்தானே?"

மாமா போனை வாங்கி, கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. போறேன்" என்றார். இந்த மாதக் கடைசியில் சேர்த்துவிடுவதாகப் பேச்சு.

எனக்கும் ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. பொய் சொல்வானேன்.

மார்ச் 7, வெள்ளி

தோட்டம் இருக்கிற இடத்தில் எதற்குப் பச்சைத் துணி?

மார்ச் 8, சனி

மேனேஜரிடமே கேட்டேன். சும்மா கேட்பதுபோல. "சார், ஒருதடவை வெளியிலயே எடுத்தா எனக்கும் வேலை மிச்சமாகுமே?"

"வெயில் மேடம். காத்து வேற. பெரியவங்களுக்கு ஒத்துக்காது."

சரிதானே? சரிதான். ஆனால் கேட்டு முடிக்குமுன் பதில் வந்துவிட்டது. தயாராக வைத்திருந்த பதில் மாதிரி. இல்லை, நான்தான் இல்லாததை நினைக்கிறேனா?

மார்ச் 11, செவ்வாய்

ஒரு பள்ளிக்கூட விளம்பரத்துக்காக இலவசக் காட்சிகள் கிடைக்கும் தளத்தில் பூங்கா தேடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

அதே பெஞ்ச். அதே மஞ்சள் ரோஜா. அதே புறா, இடமிருந்து வலமாக நடந்து, அதே இடத்தில் தலையைத் திருப்புகிறது.

யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எந்த ஊர்த் தோட்டமோ!

மார்ச் 12, புதன்

எனக்கு வருவது வெட்டாத கோப்பு. பேசத் தொடங்குமுன் இருக்கும் முதல் பகுதியைக் கேட்காமலே வெட்டிவிடுவேன். இன்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

கண்ணாடி அம்மா: "இன்னிக்காவது ஜன்னலைத் திறப்பீங்களா?"

ஒரு ஆண் குரல்: "முதல்ல பேசி முடிங்கம்மா. அப்புறம் பாக்கலாம்."

உடனே அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, சிரிக்கிறார். "கண்ணா, நான் ரொம்ப நல்லா இருக்கேன்டா."

இத்தனை மாதமாக அந்தச் சிரிப்புக்குத்தானே கலர் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

இவரிடம் சொன்னேன். புறா, ஜன்னல், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே சின்ன விஷயமாகத் தெரிந்தது.

"ஒரு ஜன்னலுக்கா இவ்ளோ பேச்சு? நீ எப்பவும் ஓரத்துல பிசிறு தேடறவ. வேலைப் புத்தி."

"மாமாவை அனுப்பறதுக்கு முன்னாடி ஒருதடவை நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

இவர் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாக, "போனா குறை கண்ணுல படும். அப்புறம் எப்படி அனுப்பறது?" என்றார். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே தெரிந்ததுபோல முகம் ஆகிவிட்டது. எழுந்து போய்விட்டார்.

மார்ச் 15, சனி

இல்லத்துக்கே போய்விட்டு வந்தேன். சொல்லாமல் போனேன். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்று வாட்ச்மேனிடம் அளந்தேன். விட்டுவிட்டான்.

தரை சுத்தம். படுக்கை சுத்தம். யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. நான் எதை எதையோ நினைத்துக்கொண்டு போயிருந்தேன், ஒருவிதத்தில் ஏமாற்றமாகக்கூட இருந்தது — ச்சீ, என்ன மனசு இது. ஆனால் தோட்டம் இல்லை. ஒரு செடிகூட இல்லை. பின்பக்கம் காருக்குப் பெயின்ட் அடிக்கும் ஷெட். அந்த நெடி வருகிறது என்று ஜன்னல்களை மூடி ஆணி அடித்துவிட்டார்கள். மாடியில் இருப்பவர்கள் மாடியிலேயே இருக்கிறார்கள். லிஃப்ட் இல்லை. எப்போது கடைசியாகக் கீழே வந்தீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன். "வந்து என்ன பண்ண?" என்றார்.

கண்ணாடி அம்மா திரையில் பார்ப்பதைவிடச் சின்ன உருவம். நான் யார் என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா அது! ஒண்ணு கேக்கணும்மா. எனக்குப் பின்னாடி ஏதோ ரோஜா வெக்கிறியாமே? வீடியோல சரியாத் தெரியல, என்ன கலர்னு பையன் போன்ல கேட்டான். சிவப்புன்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"மஞ்சள்மா."

"ஐயையோ." உண்மையாகவே பதறினார். "இனிமே மஞ்சள்னே சொல்லிக்கறேன்."

"ஏம்மா இப்படி? அவங்க சொல்லச் சொன்னாங்களா?"

"யாரு சொல்லணும்? அவன் தூரத்துல இருக்கான். நிம்மதியா தூங்கட்டும்னுதான்."

மேனேஜர் மேலே சந்தேகப்பட்டேன். வாட்ச்மேன் மேலே, கேமராக்காரன் மேலே. இந்த அம்மாவைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லையே!

எழுந்து வரும்போது கேட்டேன். "இந்தத் தடவை தோட்டம் வெக்காம, உள்ளது உள்ளபடி அனுப்பட்டுமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். "அனுப்பு. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."

மார்ச் 17, திங்கள்

கண்ணாடி அம்மாவின் வீடியோவில் தோட்டத்தை எடுத்துவிட்டேன். பச்சை அப்படியே வந்து நின்றது, கசங்கலும் கிளிப்புமாக. முதல் பகுதியையும் வெட்டவில்லை. மற்றவர்களிடம் நான் கேட்கவில்லையே, அதனால் கண்ணாடி அம்மாவின் மகனுக்கு மட்டும் அனுப்பினேன்.

அனுப்பியபின் போனை அணைத்து அலமாரியில் வைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

மேனேஜர் போனில் கத்தினார். மகன் அவரைக் கூப்பிட்டிருக்கிறான். "சோறு போட்ட கைக்கு இதுதானா மேடம்? நாங்க என்ன கொலையா பண்ணினோம்? இங்க இருக்கறவங்களைப் பாக்க யார் வராங்க? அந்த வீடியோவாவது போகுதுல்ல?" வேலை போயிற்று. அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி மட்டும் போகமாட்டேன் என்கிறது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இவர், "அந்த வீடியோவைக் காட்டு" என்றார். பார்த்தார். ஜன்னல் பேச்சு வரும் இடத்தை மறுபடியும் ஓட்டச் சொன்னார். பிறகு தங்கைக்குப் போன் போட்டு, "அடுத்த வாரம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 21, வெள்ளி

கண்ணாடி அம்மாவின் மகன் பேசினான். நேற்று வந்து அம்மாவை அழைத்துப் போயிருக்கிறான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"அம்மா சிவப்புன்னாங்க, எனக்கு மஞ்சளா தெரிஞ்சுது. அன்னிக்கே எனக்கு உறுத்திச்சு. மேற்கொண்டு கேட்டா பதில் வந்துடுமேன்னு கேக்கல அக்கா."

நான் என்ன சொல்ல? "பத்திரமா பாத்துக்கோங்க" என்றேன். அசட்டுத்தனமாக.

இன்னும் எத்தனையோ பேர் அந்த மாடியில் இருக்கிறார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

மாமா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இவர் போய்ப் பக்கத்தில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"அப்பா, அன்னிக்குப் போறேன்னு சொன்னீங்களே. நிஜமாவே போகணும்னு இருந்துச்சா?"

மாமா திரும்பவில்லை. "உள்ளதைச் சொல்லட்டுமா, நீ கேக்க ஆசைப்படறதைச் சொல்லட்டுமா?"

இவர் டிவியை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "உள்ளதைச் சொல்லுங்கப்பா."

நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.