புகை இல்லை என்று நான் சொன்ன சொல்

மச்சான்,

அக்கா நேற்று உங்கள் சட்டைகளில் நான்கை மடித்து ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "வயித்துகிட்ட இறுக்கும். கீழ் பட்டனை மட்டும் திறந்து விட்டுக்க" என்றாள். பீடோரில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். சோப்பு வாசத்துக்கு அடியில் ரப்பர் கட்டைப் புகை. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. அந்த நிமிடத்திலிருந்து குழம்பிப் போயிருக்கிறேன். உங்கள் வீட்டில் புகையே கிடையாது என்று பல வருடங்களுக்கு முன் அக்காவிடம் சத்தியம் செய்தவன் நான்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது துரை பங்களாவை இடித்தார்கள், நினைவிருக்கிறதா? ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கணக்கெழுதும் கிராணி சாய்வு நாற்காலியை எடுத்தார். நீங்கள் போயும் போயும் சுவருக்குள் இருந்த குளிர்காயும் அடுப்பைப் பெயர்த்தீர்கள். லேசான சாமானா அது? கதவு வைத்த இரும்புப் பெட்டி, மேலே புகைக்குழாய், குழாயின் கழுத்தில் திருப்பித் திறக்கிற ஒரு தகடு. நம் ஊர் வெயிலில் துரைக்கு அது எதற்கு என்று எல்லாரும் கேட்டோம். அதற்குள் அவர் விஸ்கி வைத்திருந்தார் என்று பங்களா சமையல்காரர் சொன்னார். அதாவது, அது எரிந்து பார்த்தவர் நம்மில் ஒருவரும் இல்லை.

ஆனால் உங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. ஈப்போவில் சுண்ணாம்பு மலையடியில் நீங்கள் வாங்கிய வீட்டில் மழைக்காலம் வந்தால் சுவர் வியர்க்கும். அலமாரியில் துணி பூசணம் பூக்கும். அக்காவுக்கு இழுப்பு. வீடு காய்ந்திருந்தால்தான் மூச்சு சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "காய வைக்கிறதுதானே? இருபது வருசமா நான் வேற என்ன செஞ்சேன்?" என்றீர்கள்.

அதுதான் வினையாகப் போயிற்று. நீங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கும் புகைவீட்டுக்குப் பொறுப்பானவர். எவ்வளவு பச்சைக் கட்டை, எவ்வளவு காய்ந்தது, எந்த நேரத்தில் எந்தத் துவாரத்தை மூட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்.

கூடத்துச் சுவரை உடைத்து, செங்கல் கட்டி, பெட்டியைச் செருகி, இடுக்கெல்லாம் பூசி, குழாயை ஓட்டுக்குக் கீழேயே சுவர் வழியாக வெளியே நீட்டினீர்கள். நான் சிமெண்ட் குழைத்துக் கொடுத்தேன். பாதி என் காற்சட்டையில் காய்ந்தது. குழாயின் கழுத்துத் தகட்டை முக்கால்வாசி மூடிக் கம்பியால் கட்டியதையும் பார்த்தேன்.

"மச்சான், புகை போற வழிய ஏன் கட்டிப் போடுறீங்க?"

"புகை அவசரப்படக் கூடாதுடா தம்பி. நின்னு நிதானமாப் போவணும். அப்பத்தான் காயும்."

சைக்கிள் டயருக்கு ஒட்டுப் போடுகிற எனக்கு இதில் என்ன தெரியும்? தலையாட்டினேன்.

முதல் நெருப்பு வைத்த அன்று மழை. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் அறுத்து, பச்சை ரப்பர் கட்டையை அடுக்கிப் பற்றவைத்தீர்கள். பத்தே நிமிடத்தில் கூடத்தில் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். அக்கா மழையில் நின்று மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். நீங்களோ உள்ளே புகைக்கு நடுவில் நின்றுகொண்டு, "நல்லாப் புடிக்குது பாரு" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மூச்சு வந்த பிறகு அவள் சொன்னது ஒன்றுதான். "நான் என்ன ஷீட்டா, தொங்க விட்டுக் காய வைக்கிறதுக்கு?"

அன்று சாயந்திர பஸ்ஸிலேயே என்னோடு பீடோருக்கு வந்துவிட்டாள். "அந்த அடுப்பு இருக்கிற வீட்டுக்குப் போனா நான் பொணந்தான். போவ மாட்டேன்" என்றாள். வெறும் கோபம் என்று நினைத்தேன். ஒரு மாதம் போயிற்று, இரண்டாவது மாதமும் போயிற்று. ஞாயிறு தவறாமல் பிஸ்கட் தகரத்தோடு வந்து என் கடையில் உட்கார்ந்திருப்பீர்கள். அவள் அறையை விட்டு வெளியே வரமாட்டாள். நம் சனத்தைப் பற்றித்தான் தெரியுமே. அதற்குள் உங்களுக்கு ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டில் ஒரு சின்ன வீடே அமைத்துக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் லகாட்டுக்குப் போனது உண்மை. தகர வேலை செய்யும் சீனரைத் தேடிப் போனீர்கள். அவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சிரித்ததை நீங்களே தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள். "உள்ள ஆளு இருக்கு, ரப்பர் இல்ல. புகைய வெளிய விடுலா" என்றாராம்.

குழாய் கூரை உச்சிக்கும் மேலே போனது. தகட்டின் கம்பி அறுந்தது. ஒரு வருடம் காய்ந்த கட்டை மட்டும் என்று விதி வந்தது. இருபது வருடம் கையில் இருந்த வேலையைத் தலைகீழாகச் செய்தீர்கள்.

அக்கா நம்பவில்லை. "தம்பி போய் ஒரு நாள் முழுக்க அங்க உட்காரட்டும். புகை இல்லன்னு இவன் சொன்னா வாரேன். இல்லன்னா இங்கயே இருந்துக்கறேன்" என்றாள். இப்படியாக உங்கள் குடும்ப வாழ்க்கை என் மூக்கின் கையில் வந்து சேர்ந்தது. அன்று என் மூக்கு எந்த வாசத்துக்கும் இடம் விடாமல் சளியால் அடைத்துக் கிடந்தது.

சன்னல்களைச் சாத்திவிட்டு, ஈப்போவின் புழுக்கத்தில், இரண்டு ஆண்பிள்ளைகள் பனியனோடு நெருப்புக்கு முன்னால் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். யாராவது பார்த்திருந்தால் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லியிருப்பார்கள்.

"வாசம் வருதாடா?"

"இல்ல மச்சான்."

"நல்லா இழுத்துப் பாரு."

இழுத்தேன். ஒன்றும் இல்லை. நீங்கள் தட்டில் வைத்த மீன் கறியின் வாசமும் இல்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டை தள்ளித் தள்ளி உங்கள் கையில் முடி பொசுங்கியிருந்தது. சுவரின் ஈரம் வடிந்த இடத்தைச் சுற்றி, மணிக்கு ஒரு கோடாகப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல வாய் வரவில்லை.

பீடோருக்குப் போய், புகை இல்லை என்று சத்தியம் செய்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெட்டியைக் கட்டினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இழுப்பு குறைந்தது. அடுப்பாலா, சுவருக்கு நீங்கள் மறுபூச்சு செய்ததாலா, தெரியாது. அவள் இருமும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு குத்தல். போன மாதம் உங்களை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது டாக்டரிடம், "இருதயமா, நுரையீரலா?" என்று இரண்டு முறை கேட்டேன். இருதயம்தான் என்று அவர் எரிந்து விழுந்தார். அந்த எரிச்சல் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

நேற்று உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. அக்கா அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாள். நெருப்புப் பிடித்த பிறகு, இனி யாருக்காக மறைப்பது என்று சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு எனக்குச் சளி. மூக்கு அடைச்சிருந்துச்சு."

"தெரியும்."

"எப்படி?"

"நீ வந்து நின்னப்ப உன் வீட்டு அடுப்புல கருவாடு தீஞ்சு கருகிக்கிட்டு இருந்துச்சு. தெருவே மூக்கைப் பொத்திக்கிட்டுப் போவுது. நீ பாட்டுக்குப் புகையும் இல்ல, வாசமும் இல்லன்னு தலையில கை வச்சு சத்தியம் பண்றே."

"அப்ப ஏன் திரும்பிப் போனே?"

அவள் அடுப்பைக் காட்டினாள். "கட்டைய உள்ள தள்ளுடா, அணையப் போவுது" என்றாள்.

தள்ளினேன். இத்தனை வருடம் நான் சுமந்த பொய்யை ஒருவரும் நம்பவே இல்லை என்றால், இவ்வளவு நாள் நான் சுமந்தது என்ன மச்சான்? இறக்கி வைக்க இடம் தெரியவில்லை. அவள் எதற்காகத் திரும்பி வந்தாள் என்று உங்களிடமாவது சொன்னாளா? நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். மழை விடும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.