உப்பின் வாசம்

மதினி,

ஐந்தருவிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து புதுக் கிராம்பு வந்திருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்ததும் அறை முழுவதும் மணக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் ஒன்றைக் கடித்துவிட்டு, "எரியுது, அம்புட்டுதான்" என்றிருப்பீர்கள்.

மேலகரத்து வீட்டில் சாமிக்குப் படைக்கும் முன் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. குழம்பு கொதிக்கையில் ஆவியை முகர்ந்தே உப்புக் காணாது என்பீர்கள். சென்னையில் ரசாயனம் படித்துவிட்டு வந்த எனக்கு அது பொறுக்கவில்லை.

"உப்புக்கு வாசமே கிடையாது மதினி."

"எனக்குத் தெரியுதே. உன் புஸ்தகத்துக்குத் தெரியலன்னா நான் என்னட்டி செய்ய?"

ஒருநாள் ஒரே ரசத்தை மூன்று சட்டிகளில், உப்பில்லாமல், அளவாக, கூடுதலாக வைத்துச் சோதித்தேன். மூன்றையும் முகர்ந்தே சரியாகச் சொன்னீர்கள். வாதத்தை ஒத்திவைத்தேன், விடவில்லை.

பிறகு அந்தச் சாரல் காலத்துக் காய்ச்சல். போகும்போது உங்கள் மூக்கின் முகரும் சக்தியையும் கொண்டுபோனது. என்னிடம் மட்டும் சொன்னீர்கள். உங்கள் கண்ணைக் கட்டி, மசித்த மாம்பழமும் பலாச்சுளையும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் "இனிக்கி" என்றீர்கள். நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்போடு நின்றுவிடும், மற்றதெல்லாம் மெல்லும்போது தொண்டை வழியே மூக்குக்கு ஏறும் வாசம்தான் என்று விளக்கினேன். உங்கள் கவலை வேறு. அப்பாவின் திவசத்துக்கு இரண்டே நாள் இருந்தது.

"உப்பு தப்பினா அத்தை அடுப்படியை இளைய மருமவகிட்ட குடுத்துருவாக. பெறகு இந்த வீட்டுல எனக்கு என்னட்டி இருக்கு?"

என் அம்மா அப்படிச் செய்யக்கூடியவள்தான்.

"நான் ருசி பாக்கேன். எனக்குத்தான் நம்பிக்கை கிடையாதே."

"உனக்கில்ல. சாப்பிடுதவுகளுக்கு இருக்குலா. நாக்கு வேண்டாம், மூக்கைக் கொண்டா."

திவசத்தன்று குழம்புச் சட்டியருகே நின்றேன். நீங்கள் உப்பைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டீர்கள். முதலில் புளி வாசம் மட்டும். பிறகு, எந்தக் கணத்தில் என்று தெரியாது, ஆவி தடித்தது. அதற்கு வேறு சொல் இன்றுவரை கிடைக்கவில்லை. "போதும்" என்றேன். உங்கள் கை அங்கேயே நின்றது. நிச்சயமா என்று கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்து அம்மா சொன்னாள்: "மூத்தவ மூக்குல சாமி இருக்குலா." நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

உங்களுக்கு வாசனை திரும்பவே இல்லை. கண்மூடும்வரை ஒன்பது வருஷம் என் மூக்கை வைத்துச் சமைத்தீர்கள். கரைந்த உப்பு குழம்பின் மணத்தை மேலே தள்ளுகிறதோ என்னவோ, என்னால் நிரூபிக்க முடியவில்லை. பட்டம் கொடுத்தவர்கள்கூடப் பரீட்சை வைத்த பிறகுதான் என்னை நம்பினார்கள். நீங்கள் வைக்கவில்லை. எதையும் ஆராயாமல் ஏற்காத நான், அந்த நம்பிக்கையை மட்டும் ஆராயாமல் வைத்திருக்கிறேன்.