நீ அனுப்பிய போன் பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப் போலத்தான், குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, வாஷர் மாற்ற வேண்டும், எனக்குத்தான் எதிலும் கை போகவில்லை. ஒரு மாதமாகவே மனசு சலித்துக் கிடக்கிறது. நீ இங்குள்ள கடையில் சொல்லி வீட்டுக்கே அனுப்பிவைத்த புதுப் போனை வாரண்டியில் சரிசெய்ய மறுத்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னதைக் கேட்டு, நீயும் அங்கிருந்து கம்பெனிக்குக் காட்டமாக எழுதினாய் அல்லவா. இனி எழுதாதேம்மா. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன் வந்த இரண்டாம் வாரமே அதில் சத்தம் குறைவு என்று எனக்குப் பட்டது. அம்மாவிடம் சொன்னதற்கு, "எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்றாள். மகள் கொடுத்ததைக் குறை சொல்ல மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் தொழிற்சாலையில் கம்ப்ரசரைக் கழற்றி மாட்டியவனுக்கு இது எம்மாத்திரம் என்ற திமிர் வேறு. அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் வைத்து, பின்மூடியை ஹேர் டிரையரால் சூடாக்கிப் பிரித்துவிட்டேன். உள்ளே காகிதம் போல் ஒரு பட்டை, தொட்டதும் கிழிந்தது. பயந்துபோய் மூடினேன், அதற்கப்புறம் திரையில் வெளிச்சமே வரவில்லை. அம்மா வந்து கேட்டபோது, "தானா நின்னுபோச்சு" என்றேன். வாயில் எப்படித்தான் வந்ததோ.

சர்வீஸ் சென்டரில் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு உன்னைவிட நாலைந்து வயசு குறைவாக இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இத யாரோ தொறந்திருக்காங்கம்மா, உள்ள சீல் போயிருக்கு, வாரண்டில செய்ய முடியாது" என்று பதமாகத்தான் சொன்னாள். அம்மா விடுவாளா, அத்தனை பேர் நடுவில், "முப்பத்தாறு வருஷமா இவரோட குடும்பம் நடத்தறேன், ஒரு பொய் சொல்லிக் கேட்டதில்ல" என்றாள். அந்தப் பெண்ணே திறந்து கெடுத்துவிட்டு நம் தலையில் கட்டுகிறாள் என்று அம்மா தன் கைப்படப் புகார் எழுதிக் கொடுத்தாள். அந்த முழங்காலோடு இரண்டு பஸ் மாறி மூன்று தடவை அலைந்தோம், ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், அவள் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். மூன்றாம் தடவை மேனேஜர் எங்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். இரண்டு புகார் வந்துவிட்டதால் வேறு போன் தந்துவிடுவதாகவும், அந்தப் பெண்ணை அன்றோடு வேலையை விட்டு அனுப்புவதாகவும் சொன்னார். அங்கேயே நின்றிருந்த அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றப் போனாள், நாடா பின்னலில் மாட்டிக்கொண்டது. அதை அவள் இழுத்து எடுப்பதற்குள், "சார், தொறந்தது நான்தான்" என்றேன்.

மேனேஜர் அவளை அட்டையை மறுபடி மாட்டிக்கொள்ளச் சொன்னார். அம்மா எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நாலு நாள் தட்டு வந்தது, பேச்சு வரவில்லை. ஐந்தாம் நாள், "டிவி சத்தம் தாங்கலன்னு கீழ் வீட்டுல சொல்றாங்க. போன்ல ஒரு கோளாறும் இல்ல. மொதல்ல காதைக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். இரண்டுமே மங்கிவிட்டது, வலது காது ரொம்ப மோசம், கம்ப்ரசர் அறையின் வேலை இது என்றார் டாக்டர். காதுக்கு மெஷின் சொல்லியிருக்கிறார், வர மூன்று வாரம் ஆகுமாம்.

நீ வேறு போன் அனுப்ப வேண்டாம். கம்பெனிக்கு எழுதிய புகாரை மட்டும் வாபஸ் வாங்கிவிடு, அந்தப் பெண்ணின் பேரில் அது கிடக்கக் கூடாது. அம்மா இப்போது காப்பி வேண்டுமா என்று கேட்கும் அளவுக்கு வந்திருக்கிறாள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், குழந்தைக்கு என் முத்தம்.

மறக்காமல் ஒன்று செய். போன மாதம் அம்மா வீட்டில் இல்லாத ஒரு நாள் நீ கூப்பிட்டு ரொம்ப நேரம் பேசினாய். சிரித்தாயா அழுதாயா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை, "சரிம்மா, நல்லதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு என்ன சொன்னாய் என்று எழுது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாதது என்றால் உறைமேல் என் பெயரை மட்டும் போடு.

உன்
அப்பா