கடைசிக் காட்டுச் சேதி

12.8.2025, செவ்வாய்

பால் சொசைட்டியில் ஊட்டுக்கு ஒரு பெட்டி குடுத்தார்கள். டிபன் பாக்ஸ் அளவு. மலையடிவாரத்தில் செல்போன் எடுக்காது என்பதால் சொசைட்டி மாடியில் கம்பம் நட்டு அங்கிருந்து சேதி அனுப்புகிறார்களாம். காரமடை பஸ் எப்போ, பால் விலை, மழை, எந்தத் தோட்டங்காட்டில் யானை நிக்குது. வேண்டிய பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருக்கணும். முறை வந்ததும் பேசும்.

கோயமுத்தூர் காலேஜ் பையன் மதன்குமார்தான் விளக்கினான். ஒவ்வொருத்தருக்கும் தனியாக அனுப்ப முடியாதாம். ஒரே வரிசையாக ஊருக்கெல்லாம் சுத்தி விடுகிறானாம். தன் சேதி வரும் வரைக்கும் பெட்டி தூங்குமாம், பேட்டரி மிச்சமாம். எங்க ஊட்டுக்காரரும் அப்படித்தான், சோத்து நேரத்துக்கு மட்டும் முழிப்பார் என்றேன். பையன் சிரித்தான்.

16.8.2025, சனி

சொசைட்டியில் கூட்டம். எந்தச் சேதி அடிக்கடி வரணும் என்று சண்டை. அவங்கவங்களுக்கு அவங்கவங்களுதுதான் அவசரம். செக்ரட்டரி தம்பிதுரை, "எதை நிறையப் பேர் அமுக்கறாங்களோ அது அடிக்கடி வரட்டுங்க" என்றார். எல்லாரும் கை தூக்கினோம்.

தெய்வாத்தாள் தூக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்க ஊட்டுக்காரரோட தங்கச்சி. வேண்டிய இடத்தில் அவளுக்கு வாய் வராது. என் கல்யாணத்தில் வந்தது. மாப்பிள்ளையோட தங்கச்சியா இணைச்சீருக்கு அவர் பக்கத்துல உக்கார வேண்டியவ, பச்சைச் சேலை ஆகாது, அரக்குதான் வேணும்னு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கிட்டா. முகூர்த்தம் தள்ளிப்போச்சு. எங்கப்பன் கதவுக்கு வெளியே நின்னு "அம்மணி, அம்மணி"ன்னு கெஞ்சினாரு. கதவுக்கு நீலப் பெயிண்ட். ஊட்டுக்காரர் செத்துப்போனதிலிருந்து அவகூடப் பேச்சில்லை.

29.8.2025, வெள்ளி

தெய்வாத்தாளோட வெள்ளாமைக் காடுதான் ஊர்க் கடைசி. அதுக்கு மேலே ரிசர்வ் காடு. பக்கத்து ஊட்டுக்காரங்க பூட்டிக்கிட்டுத் திருப்பூர் போயிட்டாங்க. அதனால் கடைசிக் காட்டுச் சேதியைக் கேக்கறது அவ ஒருத்திதான்.

இன்னைக்கு விடியறதுக்கு முன்னே அமுக்கிட்டு உக்காந்திருக்கா. வரிசையில் போனதெல்லாம் பஸ், பால் விலை, பஸ், மழை, மறுபடி பஸ். பால் வண்டி போயிருமேன்னு கேனைத் தூக்கிட்டுக் கிளம்பியிருக்கா. பள்ளத்தில் ஒத்தை யானை. கேனைப் போட்டுட்டு ஓடி, முள்வேலியில் விழுந்து, முழங்கை கிழிஞ்சிருக்கு. திரும்பி ஊட்டுக்குள் நுழையறப்பதான் பெட்டி பேசுச்சாம் — கடைசிக் காடு, யானை நிக்குது.

தம்பிதுரை சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரலை. வந்திருக்கணுமே. ஏன் வரலை?

30.8.2025, சனி

கடைசிக் காட்டுப் பொத்தானை அமுக்கினேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

2.9.2025, செவ்வாய்

எதுக்கு அதை அமுக்கறீங்க என்று பேத்தி ரித்திகா கேட்டாள். நான் மூணாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ, தெரியாம அமுக்கிட்டேன் என்றேன்.

எத்தனை தரம் அமுக்கினாலும் ஒரு பெட்டிக்கு ஒரு தரம்தான் கணக்காம். நான் ஒருத்தி அமுக்கிப் பத்தாது. பக்கத்து ஊட்டுச் சின்னாத்தாளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏனுங்க்கா, எனக்கு அந்தப் பக்கம் காடே இல்லீங்களே."

"அமுக்கினா கை தேஞ்சு போயிருமா உனக்கு?"

"தெய்வாத்தா அக்காவுக்கா செய்யறீங்க?"

"அவ பேரை எடுக்காதே. தெருவுல நாலு பேர்த்துகிட்டச் சொல்லு. அவளுக்குத் தெரிஞ்சுது, அப்பறம் உங்கூடவும் பேச்சில்லை."

9.9.2025, செவ்வாய்

தெருவே அமுக்குகிறது.

18.9.2025, வியாழன்

மதன்குமார் ஊட்டுக்கே வந்துவிட்டான்.

"ஏனுங்க ஆத்தா, கடைசிக் காட்டுல இருக்கறது ஒரு ஊடு. இந்தத் தெரு முச்சூடும் அந்தச் சேதியைக் கேக்குதுங்களே?"

"கை பட்டிருக்கும்."

"தெருவுக்கேங்களா?"

"உனக்குக் காப்பி வேணுமா, வேண்டாமா?"

குடித்தான். டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை பேர் கேக்கறாங்கன்னு மட்டும் பாத்தது தப்புங்க. கேட்டுப்போட்டு எவ்வளவு நேரமா உக்காந்திருக்காங்கன்னும் பாத்திருக்கோணும்" என்றான். நீலக் கதவுக்கு வெளியே நின்ன எங்கப்பன் நினைப்பு வந்தது.

6.10.2025, திங்கள்

முறையை மாத்திவிட்டார்கள். ஒருத்தர் கேட்டாலும், காத்திருக்கக் காத்திருக்க அவங்க சேதி முன்னாலே வந்துருமாம்.

இன்னைக்கு விடியக்காலம் தெய்வாத்தாள் வாழைக்குள் ரெண்டு யானை. பெட்டி முன்னமே சொல்லிவிட்டதால் அவ கதவைத் திறக்கலை. வாழை போச்சு. ஆள் இருக்கா.

சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் கொண்டு வந்தா. "அந்தக் காலேஜ் தம்பிக்குப் புண்ணியமாப் போகட்டும்" என்று தம்பிதுரையிடம் சொன்னா. சின்னாத்தாள் என்னைப் பார்த்தாள். நான் முறைச்சேன். தெய்வாத்தாள் கேனை நகத்தி எனக்கு இடம் விட்டா. அவ நகத்தாட்டியும் இடம் இருந்துச்சு. என் கேனை அங்கே வெச்சேன்.

7.10.2025, செவ்வாய்

இனி நீங்க யாரும் அமுக்க வேண்டியதில்லை என்று பையன் சொல்லி அனுப்பியிருந்தான். சின்னாத்தாள் நிறுத்திவிட்டாள். தெருவில் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

விடியக்காலம் எழுந்ததும் அமுக்கினேன். கொஞ்ச நேரம் பிடிச்சுது. கடைசிக் காடு, யானை இல்லை என்றது. அதுக்கப்புறம்தான் அடுப்புப் பத்த வெச்சேன்.