அறுபத்தொன்றில் மீதி பூச்சியம்

ஜூன் 3
திராட்சை வெட்டு. பெட்டியடியில் விரிக்கத் தாள் பற்றவில்லை என்று தோட்ட வேலைக்கு வரும் கருத்தம்மாள் வந்து நின்றாள். மோட்டார் ரூமில் கிடக்கும் பழைய நோட்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஏழு மாதம். அந்த அறையையும் ஒழிக்க வேண்டும்.

ஜூன் 4
இரண்டு நோட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "அய்யா கையெழுத்தும்மா. கிழிக்க மனசு வரல." மற்ற முப்பதும் பெட்டிகளோடு சின்னமனூர் போய்விட்டன.

பக்கத்துக்குப் பக்கம், பகா எண் ஒவ்வொன்றாலும் வகுத்தல். உச்சியில் ஒரே எண்: 2147483647. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் வகுபடாத பகா எண் என்று, கணக்கு டீச்சர் என்ற மிதப்பில், நான்தான் ஒருமுறை அவரிடம் பெருமையடித்தேன்.

ஜூன் 5
மிஞ்சியதில் ஒன்று முதல் நோட்டு, மற்றது கடைசி. முதலாவதைப் பார்த்தேன். 61-ஆல் வகுத்ததில் மீதி பூச்சியம்.

நினைவிருக்கிறது. அவருடைய தங்கை வீட்டார் வந்திருந்த அன்று நோட்டோடு ஓடிவந்தார். "இந்தா பாரு, அறுபத்தொண்ணுல ஒடைஞ்சிருச்சு!" நான் கைநீட்டி வாங்கக்கூட இல்லை. "எட்டாங் கிளாஸோட நின்னவுகளுக்கு வகுத்தல் எங்க வரும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்.

இன்று போட்டுப் பார்த்தேன். வகுத்ததில் ஒரு பிழையும் இல்லை. எண்ணை எடுத்தெழுதும்போது 6-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றியிருக்கிறார் — 2147483467. அந்த எண்ணை 61 மீதியின்றி வகுக்கும். 35204647 தடவை.

நான் படித்த கான்வென்ட்டில், பக்கத்துப் பிள்ளையின் கணக்கை விடையை மட்டும் பார்த்துத் திருத்தினால் சிஸ்டர் முட்டி போட வைப்பார். வழியைப் பார் என்பார். நான் விடையைக்கூடப் பார்க்கவில்லையே?

அடுத்த பக்கத்தில் சரியான எண்ணோடு 3-லிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார். 61-க்கு மீதி 58. அந்த 58-ஐச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் 6
வகுத்தல் தெரிந்திருக்கிறது.

ஜூன் 9
இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்க வேண்டுமென்றால், அந்தப் பகா எண்ணை 62-ஆல் வகுக்கும்போது மீதி ஒன்று வர வேண்டும். கல்லூரியில் படித்தது. இதைச் சொல்லியிருந்தால் நூற்றுச் சொச்சம் வகுத்தலோடு முடிந்திருக்கும். அவர் மூவாயிரம் போட்டிருக்கிறார். கேட்கப் பயந்தாரா? பயப்பட வைத்தேனா?

கருத்தம்மாளிடம் விசாரித்தேன்.
"மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டு வர்ற வரைக்கும் அங்கன உக்காந்து எழுதுவாக. ஒடைஞ்சுச்சாய்யான்னு கேட்டா, 'ஒடையக் கூடாது கருத்தம்மா, டீச்சர் சொன்னது பொய்யாப் போயிரும்ல'ன்னு சிரிப்பாக."

அதற்குமேல் அவளிடம் நிற்க முடியவில்லை. முப்பது நோட்டு. நானே கொடுத்தேன். நானே.

ஜூன் 11
காலையில் மோட்டார் ரூம். கடைசி நோட்டு 27449-இல் நிற்கிறது. அடுத்து 27457 என்று எழுதி, கீழே வெறுமையாக விட்டிருக்கிறார். அந்த 62 விதிப்படி அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை. அவருடைய பென்சிலால் போட்டேன். மீதி 16763.

"ஒடைஞ்சுச்சா டீச்சரம்மா?" கருத்தம்மாள் வாசலில் நின்றாள்.
"இல்ல."
"அப்ப அய்யாவுக்குச் சந்தோசந்தான்."

கரண்ட் வந்துவிட்டது. அவள் ஸ்விட்சைப் போட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. அடுத்தது 27479. பக்கத்தின் உச்சியில் எண்ணை எழுதி, 6-உம் 4-உம் இடத்தில் இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.