மணலில் உட்கார்ந்த படகு

என் மனைவிக்கு,

போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். உன் ஊரான சோலேத் தீவிலேயே குடியேறிவிடலாம் என்று ஒரு வருடமாகக் கேட்கிறாய். முடியாது என்று உன் அம்மாவிடம் நேரில் சொல்லத்தான் நான்கு நாள் விடுமுறையில் வந்தேன்.

நேற்று உன் தங்கை ருக்கியா, விடுதிப் பயணிகள் நால்வரோடு என்னையும் பாய்மரப் படகில் மணல்திட்டுக்குக் கூட்டிப்போனாள். படகை இடுப்பளவு நீரில் நிறுத்திவிட்டு, பாறைப்பக்கம் கணவாய் பிடிக்கப் போனாள். திரும்பும்போது யாரும் நனையாமல் ஏறட்டுமே என்று நான் படகைக் கரையோரம் இழுத்து வைத்தேன். இன்ஜினியர் மூளை. அரை மணியில் கடல் வற்றி, படகு மணலில் உட்கார்ந்துவிட்டது.

ருக்கியா கணவாயோடு திரும்பியதும், தள்ளலாம் என்றேன்.

"தள்ளினா உங்க இடுப்புதான் நகரும், அத்தான். தண்ணி வர ஆறு மணி நேரம் ஆகும். அவசரம்னா கடலுக்கு மனு போடுங்க."

பயணிகளிடம் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "இன்னைக்கு உங்க லீவு கொஞ்சம் நீளம்" என்றாள், அவ்வளவுதான். பாயை அவிழ்த்து நிழல் கட்டினாள். தேங்காய்ப்பாலில் கணவாய் கொதித்தது. எதையும் அளக்கவில்லை, எதுவும் குறையவுமில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தேன்.

"அத்தான், திட்டு தேயுது. உட்காருங்க."

உட்கார்ந்தேன். தூங்கியும்விட்டேன், பட்டப்பகலில். எழுந்தபோது படகு மிதந்துகொண்டிருந்தது.

உன் அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீ கிளம்பி வா. வரும்போது என் பெரிய கருவிப்பெட்டியையும் கொண்டு வா. நான் எடுத்துவந்த சின்னது நான்கு நாளுக்குத்தான் போதும். பெரியதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

உன் அவசரக்காரன்